ஓட்டை இல்லாத உலோக வில்லை: தேடுவதும் அறுப்பதும்

வாஷர் வேண்டும் என்றால் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிலோ கணக்கில் கிடைக்கும். நடுவில் ஓட்டை இல்லாத வாஷர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பட்டர்வொர்த்தில் நான் கேட்டபோது கடை முதலாளி தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓட்டை இல்லாவிட்டால் அது என்ன வாஷர்?" என்றார். நியாயமான கேள்விதான்.

அக்கா மகளுக்குக் கலர் பென்சில் பெட்டி ஒன்று செய்துகொண்டிருந்தேன். பெட்டியின் விளிம்பில் காந்தம், மூடியில் இரும்பு வில்லை, மூடினால் டக்கென்று பிடிக்க வேண்டும். அதற்கு 20 மில்லிமீட்டர் அகலத்தில் நான்கு வில்லைகள் தேவைப்பட்டன. இந்த நான்குக்காக நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: வில்லை என்ன வேலை செய்யப்போகிறது?

இதைக் கேட்காமல் நான் இணையத்தில் பளபளவென்று இருந்த ஸ்டீல் வில்லைகளை வாங்கிவிட்டேன். வந்தவை அழகாக இருந்தன, காந்தம்தான் ஒட்டவில்லை. பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடத்தில் காந்தத்தை வைத்துப் பார்க்கும் நம் அம்மாக்களுக்கு இது எப்போதோ தெரியும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தைக் கிட்டத்தட்ட கண்டுகொள்ளாது, 430 வகை பிடிக்கும். பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் ஒட்டவே ஒட்டாது. காந்தத்துக்கு என்றால் சாதாரண இரும்பு, மைல்டு ஸ்டீல், போதும்.

எடைக்காக என்றால் கணக்கு வேறு. 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம் உள்ள வில்லை இரும்பில் சுமார் 7.4 கிராம், பித்தளையில் 8 கிராம், அலுமினியத்தில் வெறும் 2.5 கிராம். பொம்மை வண்டியின் அடியில் ஒட்ட அலுமினியம் வாங்கினால் காசுதான் வீண்.

இரண்டாம் படி: அறுப்பதற்கு முன் தேடுங்கள்

சுவரில் பதிக்கும் சுவிட்சு இரும்புப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கங்களில் வட்டமாகப் பாதி வெட்டி விட்டிருப்பார்கள். குழாய் நுழைய வேண்டிய இடத்தில் வயரிங்காரர் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வட்டம் கழன்று விழும். 20 மி.மீ. குழாய்க்கான பெட்டி என்றால் விழுவதும் ஏறக்குறைய அதே அளவு வில்லை. அதை யாரும் குனிந்து எடுப்பதில்லை. எங்கள் பிளாட்டில் கீழ்வீட்டில் ரிப்பேர் நடந்தபோது வயரிங் செய்த அண்ணனிடம் கேட்டேன். மறுநாள் ஒரு மைலோ டின் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்!

அதில் மூன்று குறைகள் உண்டு. ஒட்டியிருந்த இடத்தில் சின்ன மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும், அரத்தால் தேய்த்துவிடுங்கள். தட்டிய இடம் குழிந்திருக்கும், தட்டையான இரும்பின் மேல் கவிழ்த்து வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் சமமாகும். கனம் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், மெல்லிய இரும்பில் காந்தத்தின் பிடி தளரும். இரண்டை ஒன்றாக எப்பாக்ஸி போட்டு ஒட்டினால் சரியாகிவிடும். அப்புறம் ஒன்று, இவற்றின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். நெருப்பில் காய்ச்சாதீர்கள், வரும் புகை உடம்புக்கு ஆகாது.

ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குக் காலையிலேயே போனால் பழைய கம்பித் துண்டுகள், பித்தளைக் குமிழ்கள் கண்ணில் படும். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும்.

"பத்து சென் காசே 18.8 மி.மீ. இருக்கிறதே, அதை ஒட்டினால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். புழக்கத்தில் உள்ள நாணயத்தைச் சிதைப்பது சட்டப்படி குற்றம். காசைக் காசாகவே விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: கம்பியிலிருந்து அறுப்பது

தடிமனான வில்லை வேண்டுமென்றால் முதல் முறை செய்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வட்டம் ஏற்கெனவே கம்பியில் இருக்கிறது, நாம் வெண்டைக்காய் மாதிரி நறுக்கினால் போதும். இரும்புக் கடையில் ரவுண்ட் பார் துண்டு கேளுங்கள். முழுக் கம்பி ஆறு மீட்டர் வரும், ஆகவே பாக்கித் துண்டு இருக்கிறதா என்று விசாரியுங்கள். கறுப்பாக இருப்பதை விட்டுப் பளபளப்பானதைக் கேளுங்கள், அதில்தான் அகலம் சரியாக இருக்கும். கட்டடத்துக் கம்பி வேண்டாம், முறுக்குப் பிழிந்த மாதிரி வரிவரியாக இருக்கும்.

கம்பியை வைஸில், அதாவது மேசையில் பொருத்தும் இரும்புப் பிடியில், நன்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு வில்லையையும் அறுப்பதற்கு முன்பே கம்பியின் முனையை அரத்தால் தேய்த்துச் சமமாக்குங்கள். இதைத்தான் நான் முதலில் தவறவிட்டேன். அறுந்து விழுந்த சின்ன வில்லையைக் கையில் பிடித்துக்கொண்டு தேய்ப்பது விரல் நகத்தோடு போராடுவது மாதிரி. முனையை முதலில் தேய்த்துவிட்டால் ஒவ்வொரு வில்லையும் ஒரு நல்ல முகத்தோடு பிறக்கும்.

3 மி.மீ. கனம் வேண்டுமானால் 4 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்கள், மிச்சம் தேய்ப்பதில் போய்விடும். கோடு நேராக வர, நேர்விளிம்புள்ள காகிதப் பட்டையைக் கம்பியைச் சுற்றி ஓரத்தோடு ஓரம் சேரும்படி இறுக்கிப் பிடித்து மார்க்கரால் வரையுங்கள். அந்தக் கோட்டிலேயே முக்கோண அரத்தால் சுற்றிவரச் சின்னப் பள்ளம் எடுங்கள். ரம்பம் வழுக்காமல் அதிலேயே உட்காரும்.

இரும்பறுக்கும் ரம்பத்தின் (ஆக்ஸா) பிளேடு அங்குலத்துக்கு 18 அல்லது 24 பல் உள்ளதாக இருக்கட்டும், பல் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஒரே பக்கமாக அடிவரை அறுக்காதீர்கள், பிளேடு சாய்ந்து ஒரு பக்கம் தடிப்பும் மறுபக்கம் மெலிவுமாக வரும். நான்கு மில்லிமீட்டர் ஆழம் போனதும் கம்பியைக் கொஞ்சம் திருப்பி இறுக்குங்கள், மறுபடி அறுங்கள். நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது இழுப்பு போதும், நடுவில் ஒரு சொட்டு எண்ணெய். அலுமினியம் பல்லில் அப்பிக்கொள்ளும், பிளேடில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மறுமுகத்தைச் சமமாக்குவது

ஒரு மரத்துண்டில் 20 மி.மீ. அகலத்தில், இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் குழி எடுங்கள். வில்லையின் நல்ல முகத்தை உள்ளே வைத்தால் கரடுமுரடான முகம் வெளியே நிற்கும். கண்ணாடித் துண்டின் மேல் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, மரத்துண்டைக் கவிழ்த்து எட்டுப் போட்டுத் தேயுங்கள். பிறகு 240, பளபளப்பு வேண்டுமென்றால் 400. கடைசியில் விளிம்பில் உள்ள பிசிறை அரத்தால் ஒரு சுற்று எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விரலைக் கிழிக்கும்.

தகட்டிலிருந்து வேண்டுமென்றால்

மெல்லிய பித்தளை, செம்புத் தகட்டுக்கு நகைப் பட்டறையில் பயன்படுத்தும் டிஸ்க் கட்டர் அருமையான சாமான். வட்ட ஓட்டை உள்ள இரண்டு தட்டுகளுக்கு நடுவே தகட்டைச் செருகி, மேலிருந்து உருளை உளியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வில்லை கீழே விழும். தகடு ஓட்டையை முழுதாக மறைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புத் தகட்டை வைத்து அடித்தால் உளியின் முனை போய்விடும்.

டிரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும் ஹோல் சா நடுவில் ஓட்டை போட்டுவிடும், நமக்கு ஆகாது. நடு டிரில்லைக் கழற்றிவிட்டு வழிகாட்டிப் பலகையோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். டிரில் பிரஸ் இல்லாதவர்களும் புதியவர்களும் தொடாமல் இருப்பது நல்லது. சரியாகக் கவ்வாத தகடு சுழன்றால் கத்திதான். டிரில் ஓடும்போது கையுறை கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

இருபது முப்பது வில்லை வேண்டுமானால் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் லேசர் வெட்டும் பட்டறைகளில் கொடுத்துவிடுங்கள். நான்குக்கு என்றால் குறைந்தபட்சக் கட்டணமே இடிக்கும். லேசர் நுழைந்த இடத்தில் விளிம்பில் சின்ன வடு இருக்கும்.

ஒட்டும்போது

கடற்காற்றில் வெறும் இரும்பு சில நாளிலேயே துருப்பிடிக்கும். மூடியில் குழி எடுத்து, வில்லையின் அடிமுகத்தை உப்புத்தாளால் கீறி, எப்பாக்ஸியில் பதியுங்கள். விளிம்புக்கு அரை மில்லிமீட்டர் கீழே இருக்கட்டும், காந்தத்தோடு நேராக மோதினால் காந்தம் உடையும். பசை காய்ந்த பின் மேல்முகத்தில் கிளியர் லாக்கர் இரண்டு பூச்சு. முதல் பூச்சு காய்வதற்குள் மூடிப் பார்க்கும் ஆசை வரும். நான் மூடிப் பார்த்தேன், மூடியைப் பிரிக்க வெண்ணெய்க் கத்தி தேவைப்பட்டது.