6G டெஸ்ட் பைப் போடப் போகிறவர்களுக்கு

திருச்சி அருகே திருவெறும்பூரில் 1965-ல் பாய்லர் ஆலை வந்ததிலிருந்து துவாக்குடிப் பக்கம் வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் நிற்கிற ஜாயின்ட் போடுகிறவனுக்கு இன்றும் தனிக் கிராக்கிதான். எங்கள் பட்டறையில் 6G டெஸ்டுக்கு, அதாவது 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் பைப்பைச் சுற்றி வெல்டு போட்டுக் காட்டும் தகுதித் தேர்வுக்கு, வரும் தம்பிகளிடம் நான் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். கார்பன் ஸ்டீல் பைப், ரூட் (அடி லேயர்) டிக் வெல்டிங்கில் (ஆர்கான் வாயு, டங்ஸ்டன் முனை டார்ச்), மேலே 7018 ராடு (பூச்சுள்ள வெல்டிங் குச்சி) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிப் பேர் ஆர்க் அடிக்கும் முன்பே தோற்றுவிடுகிறார்கள். பெவலை (சரிவாக வெட்டிய பைப் முனையை) மட்டும் பளபளவென்று கிரைண்ட் செய்துவிட்டு, பைப்பின் உள்பக்கத் துருவை அப்படியே விடுவார்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரு அங்குலத்துக்கு வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். ரூட் ஃபேஸ் (பெவலின் அடியில் விடும் தட்டை விளிம்பு) 1 முதல் 1.5 மி.மீ., 2.4 மி.மீ. ஃபில்லர் கம்பிக்கு கேப் (இரண்டு பைப்புக்கும் நடுவே விடும் இடைவெளி) 3 மி.மீ. ஒரு பக்கம் வெல்டு ஏற ஏற எதிர்ப்பக்கம் இழுத்து மூடிக்கொள்ளும். அதனால் இரண்டாவதாகப் போடும் பக்கத்தில் கேப்பை அரை மி.மீ. கூட்டியே வையுங்கள். ஆறு மணி இடத்தில் (பைப்பைக் கடிகாரமாக நினைத்தால் அடிப்பக்கம்) டேக் (பைப்பைப் பிடித்துவைக்கும் சிறு வெல்டு) வேண்டாம். மற்ற டேக்குகளின் இரு முனையையும் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். தேய்க்காத டேக் முனையில் உருகாத கோடு ஒன்று நிற்கும். எக்ஸ்ரே ஃபிலிமில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

பைப் 45 டிகிரியில் நிற்கிறது, சுற்ற முடியாது. எனவே ஆர்க் இல்லாமல் ஒருமுறை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை டார்ச்சைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முழங்கை எங்கே முட்டுகிறது, கேபிள் எங்கே இழுக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

ரூட்டில் கஷ்டமான இடம் ஆறு மணிதான். தலைக்கு மேலே உருகுகிற உலோகம் கீழே தொங்கும். உள்பக்கம் குழிந்துபோகும். அங்கே ஃபில்லரை வெளியிலிருந்து தொட்டுத் தொட்டு வைக்காமல், கேப் வழியாகச் சற்று உள்ளே தள்ளிக் கொடுங்கள். கீஹோல் (ஆர்க்குக்கு முன்னால் திறக்கும் சாவித்துளை மாதிரி ஓட்டை) இரண்டு பக்க விளிம்பையும் தின்றுகொண்டே முன்னேற வேண்டும். விளிம்பு தின்னவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், ஒப்பேற்ற வேண்டாம். முடிக்கும்போது நடுவில் ஆர்க்கை வெட்டினால் கிரேட்டரில் (வெல்டு முடியும் இடத்துக் குழியில்) விரிசல் விழும். பெவல் சுவருக்கு ஏற்றி முடித்து, ஆர்கான் நிற்கும்வரை டார்ச்சை அங்கேயே பிடியுங்கள். டார்ச்சின் டங்ஸ்டன் முனை உருகிய உலோகக் குட்டையில் தொட்டுவிட்டால் உடனே கிரைண்ட் செய்யுங்கள். போரோசிட்டி (வெல்டுக்குள் வாயு விட்ட ஓட்டை) ஃபிலிமில் கறுப்பாக விழும், டங்ஸ்டன் துணுக்கோ உப்புக்கல் மாதிரி வெள்ளையாகத் தெரியும். மறைக்கவே முடியாது.

காற்று இன்னொரு தலைவலி, வெல்டைக் காக்கும் ஆர்கானைக் கலைத்துவிடும். ஆடி மாதத்தில் எங்கள் ஷெட்டில் தார்ப்பாய் கட்டாமல் டிக் போட மாட்டோம். வெயில் காலத்தில் வேர்க்கிறது என்று பெடஸ்டல் ஃபேனைத் திருப்பி வைப்பவனை ஃபோர்மேன் திட்டுவது சும்மா இல்லை.

ரூட் மெல்லிசாக இருந்தால் அதன்மேல் நேரே ராடு போடாதீர்கள், ஓட்டை விழும். இன்னொரு டிக் லேயர் போட்டுவிட்டுப் போங்கள். பிறகு 2.5 மி.மீ. ராடு 70–90 ஆம்பியர், 3.15 மி.மீ. என்றால் 100–125. 7018-ஐ அதன் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் சூட்டில் மதர் ஓவனில் (பட்டறையின் பெரிய ஓவன்) காயவைத்து, போர்ட்டபிள் ஓவனிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். டீ குடிக்கப் போகும்போது மேஜைமேல் கிடந்த ராடு டெஸ்டுக்கு உதவாது. ஆர்க்கைக் குட்டையாகப் பிடியுங்கள். தொடங்கும் இடத்துக்கு 10 மி.மீ. முன்னால் அடித்து, பின்னுக்கு வந்து, அதன் மேலேயே ஏறிப் போனால் ஆரம்ப ஓட்டைகள் உருகி மறையும். சாய்ந்த பைப்பில் உலோகம் கீழ்விளிம்புக்கு வழியும், மேல்விளிம்பு அரிந்துபோகும். மேலே ஒரு கணம் கூடுதலாக நில்லுங்கள். கேப்பிங் (கடைசி மேல் லேயர்) அழகைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், விளிம்பில் அரிப்பு இல்லாமல் இருந்தால் போதும்.

இன்னொரு விஷயம், எந்தப் பைப்பில் டெஸ்ட் என்று முன்பே கேளுங்கள். ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதி செக்‌ஷன் 9 படி, 13 மி.மீ. அல்லது அதற்கு மேல் வெல்டு கனத்தில் குறைந்தது மூன்று லேயர் போட்டுத் தேறினால் கன வரம்பு கிடையாது. அதற்குக் கீழே என்றால் நீங்கள் போட்ட கனத்தின் இரண்டு மடங்கு வரைதான். தேறிய பின் அந்த முறையில் ஆறு மாதம் வெல்டு போடாமல் இருந்தால் தகுதி காலாவதி. சர்டிஃபிகேட் நகலைக் கையோடு வாங்குங்கள். எந்த மாதம் எந்த ஜாயின்ட் போட்டீர்கள் என்று கியூ.சி. (தரப் பரிசோதகர்) கையெழுத்தோடு ஒரு நோட்டில் ஏற்றி வையுங்கள். அடுத்த கம்பெனியில் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.