பவர் சப்ளையில் முதலில் ஆம்ப், அப்புறம்தான் வோல்ட்

வோல்ட்டையும் ஆம்ப்பையும் நாமே திருகி வைக்கும் டிசி பவர் சப்ளையை (பெஞ்ச் சப்ளை) புதிதாக வாங்கியவர்கள் நேராக வோல்ட் நாபைத்தான் திருகுவார்கள். என்னிடம் ரிப்பேர் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களை நான் ஆம்ப் நாபில்தான் முதலில் கை வைக்கச் சொல்வேன். வோல்ட் சரியாக இருந்தும் போர்டு கருகுவது உண்டு. ஆம்ப்புக்கு ஓர் எல்லை கட்டிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். 230 வோல்ட் ஏசி லைனை டிரான்ஸ்ஃபார்மர் இறக்கிக் கொடுக்கும். நான்கு டையோடு சேர்ந்த பிரிட்ஜ் அதை ஒரே திசையில் ஓட வைக்கும். ஆனாலும் 50 ஹெர்ட்ஸ் லைன் என்றால் நொடிக்கு 100 முறை அது ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் மேல்நிலைத் தொட்டி குழாயில் சீராகத் தண்ணீர் விடுகிறதே, அந்த வேலையைப் பெரிய கெப்பாசிட்டர் இங்கே செய்கிறது. "12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தானே போட்டேன், மீட்டர் 15-க்கு மேல் காட்டுகிறதே" என்று பலர் குழம்புவார்கள். ஏசியில் 12 என்றால் அதன் உச்சி ஏறக்குறைய 17, டையோடுகள் 1.4 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 15.5. கணக்கு சரிதான்.

கடைசியில், வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தி வைக்கும் ரெகுலேட்டர். 15 வோல்ட்டை 5 ஆக்கி 1 ஆம்ப் கொடுத்தால் மிச்சமுள்ள 10 வாட்டும் வெறும் சூடாகப் போகும். அதனால்தான் பழைய வகை சப்ளைகளின் முதுகில் சூட்டை வெளியேற்ற அத்தனை பெரிய ஹீட்சிங்க். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) வேறு வழியில் போகிறது: லைனை அப்படியே 325 வோல்ட் அளவுக்கு டிசியாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகிறது. போன் சார்ஜர் கைக்குள் அடங்குவது இதனால்தான். சூடு குறைவு, ஆனால் அவுட்புட்டில் மெல்லிய இரைச்சல் கலந்திருக்கும். ஆடியோ வேலைக்கு நான் இன்றும் பழைய வகையைத்தான் எடுப்பேன். ஒன்று மட்டும் கவனம்: எஸ்எம்பிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கலாம். அளந்து பார்க்காமல் உள்ளே விரல் வைக்கக் கூடாது.

சரி, செட் பண்ணும் முறை. போர்டை இணைக்காமல் வோல்ட்டை 3-க்கு வையுங்கள். ஆம்ப் நாபை முழுதாகக் குறைத்துவிட்டு, சிவப்பு, கறுப்பு கிளிப்புகளை ஒன்றோடொன்று தொட வையுங்கள். பயப்பட வேண்டாம், பெஞ்ச் சப்ளை இதைத் தாங்கும். இப்போது சிசி விளக்கு (ஆம்ப் எல்லையில் நிற்கிறது என்று காட்டுவது) எரியும். வேண்டிய ஆம்ப் வரும்வரை மெதுவாகத் திருகி, கிளிப்புகளைப் பிரித்து, வோல்ட்டை வேண்டிய அளவுக்கு ஏற்றி, அவுட்புட்டை அணைத்த பிறகே போர்டை இணையுங்கள். பச்சை முனை எர்த். அதை மைனஸ் என்று நினைத்து இணைப்பவர்கள் உண்டு. கறுப்புதான் மைனஸ்.

வேலை செய்யும்போது சிவி விளக்கு (வைத்த வோல்ட் மாறாமல் நிற்கிறது என்று காட்டுவது) எரிந்தால் எல்லாம் சரி. அது அணைந்து சிசி எரிந்தால், போர்டு நீங்கள் கட்டிய எல்லையை முட்டுகிறது என்று பொருள். மோட்டார் என்றால் எல்லையைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கைப் புறப்படும்போது இழுக்கும்.

டெலிகாம் நிலையங்களில் மைனஸ் 48 வோல்ட், முலாம் பூசும் தொட்டிகளில் குறைந்த வோல்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்ப், கேமராக்களுக்கு 12, லேப்டாப்புக்குப் பெரும்பாலும் 19 என்று இதன் பயன் எங்கெங்கோ இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பயன் செத்துப்போன போன் போர்டு. 4 வோல்ட் கொடுத்து, பவர் பட்டனைத் தொடாமல் ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க வேண்டும். பட்டனை அழுத்தும் முன்பே 100, 200 மில்லிஆம்ப் போனால் எங்கோ கசிவு. எல்லையை முட்டி வோல்ட்டும் படுத்துவிட்டால் முழு ஷார்ட். அப்போது 1 வோல்ட், 1 ஆம்ப்புக்கு இறக்கிவிட்டு, போர்டின் மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தடவுங்கள் (சால்டரிங் அயர்ன் பக்கத்தில் இருக்கக் கூடாது, தீப்பிடிக்கும்). எல்லா இடமும் ஈரமாக மினுங்கும்போது ஓர் இடம் மட்டும் சட்டென்று காய்ந்து வெளுக்கும். அநேகமாக அங்கே எள்ளளவு கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி 4 வோல்ட் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், டிஸ்ப்ளே காட்டும் வோல்ட்டை அப்படியே நம்ப வேண்டாம். போகவர உள்ள ஒயரில் மொத்தம் 0.2 ஓம் இருந்தால் 3 ஆம்ப்பில் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். சப்ளை 5 என்று காட்டும், போர்டுக்குப் போய்ச் சேருவது 4.4. தடித்த, குட்டையான ஒயர் போட்டு, மல்டிமீட்டரைப் போர்டின் முனையிலேயே வைத்து அளந்துகொள்ளுங்கள்.