ஊர்ப் பண்டத்தை நண்பருக்குக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடிக்குப் போனவர் மக்ரூன் இல்லாமல் திரும்புவது அரிது. குற்றாலம் போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்காக வண்டியை நிறுத்தாதவர்களும் குறைவு. நமக்குப் பிடித்ததை நண்பர்களும் ருசி பார்க்க வேண்டும் என்கிற ஆசை நல்ல ஆசைதான். ஆனாலும் அப்படி ஆசையாகக் கொண்டுபோன பண்டம் பல வீடுகளில் சமையலறை மூலையில் நமத்துப் போய்க் கிடக்கிறது. பெரும்பாலும் குற்றம் பண்டத்தில் இல்லை, கொடுத்த விதத்தில்தான்.

பெரிய தவறு, பொருளை மட்டும் கொடுத்துவிட்டு அதன் பக்குவத்தைச் சொல்லாமல் விடுவது. மக்ரூனையே பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரை பொங்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மிதமான சூட்டில் காயவைத்து எடுக்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்றும் சர்க்கரையும். அதனால் வெளியே உள்ள ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் சென்னை வீட்டில் டப்பாவைத் திறந்து வைத்தால், வாயில் போட்டதும் கரைய வேண்டியது பல்லில் ஒட்டும். தூத்துக்குடியில் அதைச் சாப்பிட்டே இராத நண்பர், மக்ரூன் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். ‘காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

பால்கோவாவுக்கு இதே அறிவுரையைச் சொன்னால் கெட்டது. பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பண்டம் அது. வெயில் காலத்தில் வெளியே வைத்தால் சீக்கிரமே புளிப்பு வாடை வந்துவிடும். ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஆனால் எடுத்த கையோடு சாப்பிட்டால் நெய் உறைந்து, மணமில்லாமல் மண்ணு மண்ணாக இருக்கும். சற்று நேரம் வெளியே வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். என்றைக்குச் செய்தது என்று கடையில் கேட்டு, அந்தத் தேதியையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

காபித்தூள் தனிக்கதை. ‘எங்கள் ஊர்க் கடையில் வறுத்து அரைத்தது, குடித்துப் பாருங்கள்’ என்று கால் கிலோ கொடுப்பார்கள். வாங்கியவர் வீட்டில் பில்டர் இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். பில்டர் இல்லாதவர் அதை இன்ஸ்டன்ட் தூள் மாதிரி கொதிக்கும் பாலில் போட்டுக் கலக்குவார். கசப்பும் கசண்டும்தான் மிஞ்சும். இன்னொன்று, சிக்கரி எவ்வளவு என்பது. சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அதற்கு மேல் விகிதம் கடைக்குக் கடை மாறும். சிக்கரி கூடினால் டிகாஷன் கறுத்துக் கெட்டியாக இறங்கும். கலப்பில்லாத தூளில் அந்த நிறம் வராது, தூளும் கூடுதலாகப் போட வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் ‘தண்ணியாக இருக்கிறதே’ என்ற பேச்சு வரும். அரைத்த தூளின் மணம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போவதால், கால் கிலோவை விட நூறு கிராம் கொடுப்பது மேல்.

சில சுவைகளைப் பையில் போட்டுக் கொண்டுவரவே முடியாது. இடத்தைச் சொல்லி அனுப்பத்தான் முடியும். அங்கே நாம் செய்கிற தவறு, நேரத்தைச் சொல்லாமல் விடுவது. திருச்செந்தூர் சாலையில் பதநீர் நன்றாக இருக்கும் என்று நண்பரிடம் சொல்கிறீர்கள். அவர் மாலை நான்கு மணிக்குப் போய் நிற்கிறார். விடியற்காலையில் பனையிலிருந்து இறக்குவது பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது கள்ளாகாமல் இனிப்பாகவே இருக்கிறது. அப்படியும் வெயில் ஏற ஏற ருசி மாறும். காலையிலேயே போக வேண்டும், அதுவும் பருவத்தில் போக வேண்டும். நுங்கும் அப்படியே. சித்திரையில் சொல்ல வேண்டியதை ஐப்பசியில் சொல்லிப் பயனில்லை. டீக்கடை வடையைப் பரிந்துரைத்தாலும், எத்தனை மணிக்கு முதல் ஈடு எடுப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறிப்போன மெதுவடையைத் தின்றவர் உங்கள் நாக்கை அடுத்த முறை நம்ப மாட்டார்.

அடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கொடுப்பது. இதை நான் மரியாதைக் குறைவு என்றே சொல்வேன். மக்ரூனில் முட்டை இருப்பது தெரியாமல் சைவக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு, பிறகு சிரித்துச் சமாளிப்பவர்கள் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, நெய், ஏலக்காயோடு தேனும் இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிரசாதம்தானே என்று கைக்குழந்தையின் நாக்கில் தடவ வேண்டாம். வேர்க்கடலை சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை தரும். நண்பரின் பிள்ளைக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை நீட்டுவதற்கு முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சர்க்கரை நோயாளியிடம் ‘ஒன்றே ஒன்று, ஒன்றும் ஆகாது’ என்று வற்புறுத்துவது நம்மவர்களின் தனிப் பழக்கம். அவர் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டில் வைத்துவிடுவோம். அவருக்கு மணப்பாறை முறுக்கு வாங்கிப் போயிருக்கலாம். அதிலும் மாவுச்சத்தும் எண்ணெயும் இருக்கின்றன, ஆகவே அளவோடுதான். ஆனாலும் சங்கடம் குறைவு.

அளவிலும் கோட்டை விடுகிறோம். கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஒரு கிலோ அல்வா எதற்கு? முதல் நாள் விருந்து, மூன்றாம் நாள் கடமை, அதற்குப் பிறகு வேலைக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டிய சுமை. கொஞ்சம் போதாமல் போனால்தான் ‘இன்னும் கிடைக்குமா’ என்று கேட்பார்கள்.

பாத்திரத்தையும் யோசிக்க வேண்டும். வீட்டில் செய்ததை நல்ல எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தால், அதை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்ற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சர்க்கரையாவது பழமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அண்டை வீட்டோடு அது அழகான கொடுக்கல் வாங்கல். அலுவலக நண்பருக்கு அதுவே தலைவலி. டப்பாவை நினைவாகக் கழுவி, எதையாவது நிரப்பி, பஸ்ஸில் சுமந்து வர வேண்டும். திருப்பித் தர வேண்டாத காகிதப் பெட்டியில் கொடுங்கள்.

கொடுத்தபின் எதிரில் நின்று முகத்தைப் பார்க்காதீர்கள். வாய்க்குள் போவதற்கு முன்பே ‘இந்த மாதிரி எங்கேயும் கிடைக்காது’ என்று ஏற்றிவிட்டால், சாப்பிடுபவருக்கு நடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. என்ன விலை, எவ்வளவு நேரம் வரிசையில் நின்றோம் என்பதையும் அப்போது சொல்ல வேண்டாம்.

‘அசல்’ பைத்தியம் வேறு. நண்பர் ஒருவர் தம் ஊர் பேக்கரியில் வாங்கிய வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டை ஆசையாக நீட்டும்போது, ‘ஊட்டியில் சாப்பிட வேண்டும், இதெல்லாம் வர்க்கியா’ என்பது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019இல், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல், மணப்பாறை முறுக்குக்கும் ஊட்டி வர்க்கிக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பிற ஊர்க்காரர்கள் போட்டு விற்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. வாங்கும்போது பார்த்து வாங்க உதவும். நண்பரின் தட்டை மட்டம் தட்ட உதவாது.

வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் தவறுக்குப் பணமே கட்ட நேரும். இந்தியாவிலிருந்து புறப்படும் பன்னாட்டு விமானத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவமும் கூழும் கைப்பையில் போகாது. பஞ்சாமிர்த டப்பாவும் ஊறுகாய்ப் பாட்டிலும் அந்தக் கணக்கில்தான் வரும். நன்றாக மூடி, பெரிய பெட்டிக்குள் வையுங்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறங்கும்போது, கொண்டுவந்த உணவு எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். பால் சேர்த்த இனிப்புகளில் அவர்கள் மிகவும் கண்டிப்பு. எழுதிக் காட்டினால் பெரும்பாலும் பண்டத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதமும் உண்டு. கடைக்குப் போவதற்கு முன்பே அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் எதற்கு அனுமதி என்று பார்த்துவிடுங்கள். பால்கோவாவுக்கு வழியில்லை என்றால் அந்தப் பணத்துக்கு வேறு எதையாவது வாங்கிக்கொள்ளலாம்.