புயல் நிவாரணத்துக்கு டிக்கெட் விற்று நிதி திரட்டுவோருக்கு

புயலுக்குப் பிறகு நிவாரண நிதிக்காகக் கலைநிகழ்ச்சியோ கபடிப் போட்டியோ நடத்த முன்வருகிறவர்கள், மண்டபத்தையும் கலைஞர்களையும் தேடுவதற்கு முன்னால் பாதிக்கப்பட்ட ஊருக்குப் போய், எது இல்லாமல் போயிற்று என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நாட்டுப்படகுக்காரர் ஒருவருக்கு வலை போயிருக்கும்; இன்னொருவருக்குப் படகு தப்பித்து, எஞ்சினுக்குள் உப்புத்தண்ணீர் ஏறியிருக்கும். பாம்பன் பக்கம் கடற்பாசி வளர்க்கும் பெண்களின் மூங்கில் மிதவைகள் அறுத்துக்கொண்டு போயிருக்கும். இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் உப்பளத் தொழிலாளிக்குப் பாத்தி கரைந்து வாரக்கணக்கில் கூலி இருக்காது. அரிசியும் போர்வையும் முதல் சில நாட்களிலேயே வந்து சேர்ந்துவிடும். டிக்கெட் பணம் கைக்கு வரக் குறைந்தது ஒரு மாதம் ஆகும் என்பதால், அதைத் தொழிலை மீட்கும் செலவுக்கு ஒதுக்குவதே முறை என்று நான் கருதுகிறேன். அப்படி ஒதுக்கியதை டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டும்: ‘புயல் நிவாரணம்’ என்று பொதுவாகப் போடாமல், ஊர்ப் பெயரோடு ‘நாட்டுப்படகு மீனவர்களுக்கு வலை வாங்க’ என்று போட்டால் வாங்குகிறவருக்கும் தெளிவு, பிற்பாடு நமக்கும் ஒரு கட்டுப்பாடு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்பதால் திறந்தவெளி நிகழ்ச்சியைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டம் தாராளமாக வரும். ஆனால் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில் மீன்பிடி வருமானமே இல்லாத அந்த 61 நாட்களில் அவர்களிடம் டிக்கெட் நீட்டக் கூடாது. அவர்களுக்கு அனுமதி இலவசமாக இருக்கட்டும். விற்பனையை இராமநாதபுரம், பரமக்குடி கடைவீதிகளிலும் அலுவலகங்களிலும் செய்யுங்கள்.

காவல்துறை அனுமதியை எழுத்தில் பெறுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் நிகழ்ச்சியை மாலையிலேயே தொடங்குங்கள். கலைநிகழ்ச்சிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் நபருக்கு 500 ரூபாய்க்கு மிகாத நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கேளிக்கை வரி பற்றி நகராட்சியிலோ ஊராட்சியிலோ முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் எண்ணைக் குலுக்கிப் பரிசு தரலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2003 முதல் லாட்டரி தடைசெய்யப்பட்ட தமிழ்நாட்டில் அந்த வழிக்கே போக வேண்டாம்.

கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களிலிருந்து வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள் பெருந்தொகை தர முன்வருவார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் வங்கி வழியாக அனுப்பும் பணத்தை ஏற்கத் தடையில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தந்தால், உறவினரே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதற்குரிய மத்திய அரசின் பதிவோ அனுமதியோ இல்லாத குழு அதை வாங்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் வேண்டியது டிக்கெட் புத்தகத்துக்குத்தான். 50 தாள் கொண்ட 20 புத்தகங்கள் அடித்தால் 1,000 டிக்கெட். தலைக்கு 100 ரூபாய் என்றால் ஒரு லட்சம். ஒவ்வொரு தாளிலும், கிழித்த பிறகு புத்தகத்திலேயே தங்கும் அதன் அடிக்கட்டையிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். விற்பவர் அடிக்கட்டையில் வாங்கியவர் பெயரையும் தேதியையும் எழுதிய பிறகே தாளைக் கிழிக்க வேண்டும். எந்தப் புத்தகம் யாரிடம் போனது என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்து, வாரம் ஒருமுறை அடிக்கட்டையையும் பணத்தையும் சேர்த்துச் சரிபாருங்கள். நாங்கள் முதன்முறை நடத்தியபோது நம்பிக்கையின் பேரில் கையெழுத்து வாங்காமல் விட்டோம். நிகழ்ச்சி முடிந்தும் இரண்டு புத்தகங்கள் திரும்பி வரவில்லை. யார் மேலும் பழி சொல்ல முடியாமல், அந்த 100 டிக்கெட்டுக்கான தொகையைக் குழுவினரே கைப்பணம் போட்டு அடைத்தோம். பணம் அன்று அடைபட்டுவிட்டது. ஊரில் எழுந்த பேச்சு அடங்க ஓர் ஆண்டு ஆயிற்று.

பந்தல், மைக் செட், சாப்பாட்டுச் செலவுகளைத் தனியாகப் புரவலர்களிடம் பெற்று, டிக்கெட் பணத்தில் ஒரு ரூபாயும் குறையாமல் வங்கிக் கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்கு இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். கோயில் நிர்வாகம், பள்ளிவாசல் ஜமாத், தேவாலயப் பங்குப் பேரவை என்று ஊரில் எத்தனை அமைப்புகள் உண்டோ அத்தனையிலிருந்தும் ஒருவர் குழுவில் இருந்தால் யாரும் விட்டுப்போனதாக நினைக்க மாட்டார்கள்.

வலை வாங்கப் போகும்போது பயனாளிகளில் இரண்டு பேரைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். நண்டு வலையின் கண்ணி வேறு, மீன் வலையின் கண்ணி வேறு. நாமே தேர்ந்தெடுத்தால் கடலுக்குப் போகாமல் வீட்டு மூலையில் கிடக்கும் வலைக்குத்தான் பணம் கொடுத்திருப்போம். வாங்கி வந்த அன்றே பில்லின் நகலையும், விற்ற டிக்கெட் எண்ணிக்கை, வரவு, மீதி ஆகியவற்றை எழுதிய தாளையும், வலை பின்ன ஆட்கள் உட்காரும் கொட்டகையில் எல்லாரும் படிக்கும் உயரத்தில் ஒட்டிவிடுங்கள்.