40 கிலோஹெர்ட்ஸை நம்பி மாஸ்ஃபெட்டைக் காவு கொடுக்காதீர்கள்

வாளையாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், லாரி இன்ஜெக்டர் கழுவ ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு அல்ட்ராசோனிக் தொட்டி (காதுக்குக் கேட்காத ஒலியால், இங்கே 40 கிலோஹெர்ட்ஸில், தண்ணீரை அதிர வைத்து அழுக்கை உரிக்கும் தொட்டி) செய்து கொடுத்தேன். மூன்றாம் நாள் போன்: "அண்ணா, பெட்டி கொதிக்குது, கரி மட்டும் அப்படியே இருக்குதுங்க."

தப்பு என்னுடையது. இரண்டு மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) மாறி மாறி ஆன் ஆகும் ஹாஃப் பிரிட்ஜின் சதுர அலையை, தொட்டியை அதிர வைக்கும் டிரான்ஸ்டியூசருக்கு நேராகக் கொடுத்திருந்தேன். அதற்குள் இருக்கும் பீசோ வளையங்கள் (மின்சாரம் கொடுத்தால் அதிரும் பீங்கான்) முதலில் ஒரு கெப்பாசிட்டர். ஒரு டிரான்ஸ்டியூசருக்குச் சுமார் 4 நானோஃபாரட். 230 வோல்ட்டை டிசி ஆக்கினால் 325 வோல்ட். நொடிக்கு 40,000 முறை அந்தக் கெப்பாசிட்டரை நிரப்பிக் காலி செய்தால், ஒரு டிரான்ஸ்டியூசருக்கே 17 வாட் மாஸ்ஃபெட்டில் வெந்து போகும். வேலை செய்யாமலே போகிற வாட் அது.

சரி, இந்தக் கெப்பாசிட்டரை ஈடுகட்ட ஒரு இண்டக்டரை (கம்பிச் சுருள்) தொடரில் போடுவோம் என்று 4 நானோஃபாரட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 4 மில்லிஹென்றி வரும். அங்கேதான் இரண்டாவது குழி. ஒத்ததிர்வில் (டிரான்ஸ்டியூசர் மிக நன்றாக அதிரும் அலைவெண்ணில்), தண்ணீர் நிரம்பிய தொட்டியில், டிரான்ஸ்டியூசர் 200 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். அந்தக் கெப்பாசிட்டன்ஸை ஈடுகட்ட 150 மைக்ரோஹென்றியே போதும். 4 மில்லிஹென்றி போட்டால் 1000 ஓம் தடுப்புச்சுவர் கட்டியது போல. பவர் உள்ளே போகாது. நான் 150-க்குக் கணிசமாக மேலே வைப்பேன். மின்னோட்டம் வோல்ட்டேஜுக்குப் பின்தங்கினால் மாஸ்ஃபெட் சிரமமில்லாமல் ஆன் ஆகும். சுருளின் ஃபெரைட் கோரில் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் காந்தம் நிறைந்து சாச்சுரேட் ஆகிவிடும்.

டிரான்ஸ்டியூசர் லேபிளில் 40 கிலோஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கும். உங்கள் கையில் இருப்பது 39.4 ஆக இருக்கலாம், சூடேறினால் இன்னும் இறங்கும். தண்ணீர் மட்டம் மாறினாலும் நகரும். 555 டைமர் ஐசியின் அலைவெண்ணை ஒரு பொட்டென்ஷியோமீட்டரில் திருகி வைத்துவிட்டுப் போவது மாதிரி அசட்டுத்தனம் வேறில்லை. மின்னோட்டத்தைப் பார்த்துப் பின்தொடரும் சர்க்யூட் வையுங்கள், அல்லது ஒரு கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு அலைவெண்ணை மேலும் கீழும் ஆட்டுங்கள். வெற்றுத் தொட்டியில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

பீசோ வளையங்களை இறுக்கும் போல்ட்டை முறுக்கும்போதும் டிரான்ஸ்டியூசர் சூடாகும்போதும் முனைகளில் வோல்ட்டேஜ் ஏறும். சாலிடர் வைக்கும் வரை இரண்டு ஒயரையும் ஷார்ட் செய்து வையுங்கள். மெயினிலிருந்து பிரிக்கப்படாத போர்டின் கிரவுண்டில் ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டாதீர்கள்; நான் மாட்டினேன், "டப்" என்ற சத்தத்தோடு ஒரு ப்ரோப் போனது.

இப்போது அங்கே காலையில் முதல் வேலை, தொட்டியில் அலுமினிய ஃபாயில் துண்டொன்றை ஒரு நிமிடம் பிடிப்பது. எடுத்து வெயிலில் காட்டினால் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள், ஓரம் வரை ஒரே சீராக. ஓட்டை ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் எனக்கு போன் வரும்.