கெப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) பின் டயரை வீட்டிலேயே மாற்றலாம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செம்பனை மட்டை முள் டயரைப் பதம் பார்த்துவிட்டால், மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுன் வரைக்கும் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனாலும் பட்டறை திறந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதனால் கற்றுக்கொள்ளுங்கள். இது ஹோண்டா இஎக்ஸ்5 மாதிரி கம்பி ரிம்மும் டியூப்பும் உள்ள மோட்டாருக்கு. டியூப்லெஸ் என்றால் பட்டறைக்கே விடுங்கள், அதை ரிம்மில் உட்கார வைக்கப் பெரும்பாலும் கம்ப்ரசர் வேண்டும்.

பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள அளவையே வாங்குங்கள். புது டயரில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம் செய்தது. டியூப்பும் புதிதாகவே போடுங்கள். டயர் லிவர் இரண்டு, ஸ்பேனர்கள், சோப்புத் தண்ணீர், கை பம்ப் போதும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே கூடாது, டியூப் கிழியும்.

நடு ஸ்டாண்டில் கெட்டியான தரையில் நிறுத்தி, பிரேக் கம்பி, பிரேக் பிடிக்கும் தகட்டின் போல்ட், அச்சு நட்டு என்று கழற்றி அச்சை உருவுங்கள். இஎக்ஸ்5இல் செயினும் பல்சக்கரமும் மோட்டாரிலேயே நின்றுவிடும், சக்கரம் மட்டும் கையோடு வரும் (இதை நினைத்தவருக்கு ஒரு கும்பிடு). விழும் புஷ் (அச்சில் மாட்டியிருக்கும் சின்ன உலோகக் குழாய்) எந்தப் பக்கத்தது என்று போட்டோ எடுத்துவையுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். காற்றை முழுக்க இறக்கி, வால்வு நட்டைக் கழற்றி, இரண்டு பக்க விளிம்பையும் மிதித்து ரிம்மிலிருந்து பிரியுங்கள். டயர் விளிம்புக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது, எவ்வளவு இழுத்தாலும் நீளாது. ஆனால் ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் உண்டு, எதிர்ப்பக்க விளிம்பை முட்டி போட்டு அந்தப் பள்ளத்தில் இறக்கினால் இந்தப் பக்கம் தானாகத் தளர்ந்து லிவருக்கு வந்துவிடும். மூச்சு முட்டுகிறதென்றால் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம், பலத்தைக் கூட்டாதீர்கள். வால்வு பக்கத்தில் நெம்பத் தொடங்குங்கள்.

பழையதை எடுத்ததும், அதையே திரும்பப் போடுவதென்றால் உள்பக்கத்தைத் துணியால் தடவி முள் இருக்கிறதா பாருங்கள், ரிம் பட்டையையும் (கம்பி முனை டியூப்பைக் குத்தாமல் காக்கும் பட்டை) சரிபாருங்கள். புது டயரின் அம்புக்குறி சக்கரம் முன்னால் ஓடும் திசையில் இருக்கட்டும். ஒரு பக்க விளிம்பை ஏற்றி, டியூப்பில் வடிவம் பிடிக்கும் அளவு மட்டும் காற்று வைத்து உள்ளே நுழைத்துவிடுங்கள். இரண்டாவது விளிம்பை வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசி நெம்பலுக்கு முன் வால்வை உள்ளே தள்ளினால் டியூப் லிவரில் மாட்டாது.

காற்றடித்து, மறுபடி இறக்கி, திரும்ப அடியுங்கள், டியூப்பின் மடிப்பு விரியும். ரிம்மை ஒட்டி ஓடும் கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். காற்றழுத்த அளவு மோட்டாரின் ஸ்டிக்கரில் இருக்கும், எண்ணெய் ஸ்டேஷனில் சரிபார்த்துக்கொள்ளலாம். மாட்டும்போது பிரேக் தகட்டின் போல்ட்டில் நட்டு கழலாமல் பிடிக்கும் ஊசியை (ஸ்பிளிட் பின்) போட மறக்காதீர்கள். பிரேக் பெடல் 2, 3 செ.மீ. இறங்கிய பிறகே பிடிக்க வேண்டும்.

பழைய டயரை வீட்டுப் பின்னால் வீசாதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிட்டால் டிங்கியும் வரும், சுகாதார அதிகாரி வந்தால் அபராதமும் வரும்.