மலசாடா சுடும்போது எங்கெல்லாம் சொதப்புறோம்

மலசாடாங்கறது ஈஸ்ட் போட்ட இனிப்பு மாவ எண்ணெய்ல பொரிச்செடுக்கற போர்ச்சுகீஸ் பலகாரம், அந்தப் பேருக்கே போர்ச்சுகீஸ்ல "சரியா வேகாதது"ன்னு அர்த்தம் சொல்வாங்க. அதுக்காக நாமளும் நடுவுல பச்சை மாவா விட்டுட்டு பாரம்பரியம்னு சமாளிக்க முடியாதுல்ல.

முதல் தப்பு எண்ணெய்தான். நான் முதல் தடவை நல்லா புகையுற அளவுக்கு காய வெச்சு போட்டேன், ஒரே நிமிஷத்துல வெளிய கருஞ்செவப்பு, பிச்சுப் பாத்தா உள்ள பிசின் மாதிரி மாவு இழுக்குது. 175 டிகிரி பக்கம் இருந்தா போதும், தெர்மாமீட்டர் இல்லன்னா துளி மாவு கிள்ளிப் போடுங்க, போட்ட உடனே செவந்தா சூடு ஜாஸ்தி, அடியிலயே கெடந்தா பத்தல, சுத்தி நுரை கட்டி நிதானமா மேல வரணும்.

அடுத்தது, கையில ஒட்டுதேன்னு மைதாவ அள்ளி அள்ளிப் போடறது. முட்டை, பால், வெண்ணெய், ஈஸ்ட் எல்லாம் சேர்ற மாவு ஒட்டத்தான் செய்யும், கையில கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கோங்க, இல்லாட்டி பஞ்சு மாதிரி வர வேண்டியது பன்னு மாதிரி ஆயிடும். பால் வெதுவெதுப்பா இருந்தா போதும், கொதிக்கக் கொதிக்க ஊத்துனா ஈஸ்ட் செத்துடும்.

நடுவுல ஓட்டை போடாதீங்க ப்ளீஸ், இது அமெரிக்கன் டோனட் இல்ல. போர்ச்சுகலோட அசோர்ஸ் தீவுகள்ல கையால இழுத்து தட்டையா போடுவாங்க, அதே நாட்டோட இன்னொரு தீவான மதேய்ராவுல கரும்புப் பாகு ஊத்தி சாப்பிடுவாங்க, ஹவாய்ல உருண்டையா பொரிச்சு சர்க்கரையில புரட்டுவாங்க. அந்த சர்க்கரையும் சூட்டோட புரட்டுனாதான் ஒட்டும், ஆறிட்டா பாதி தட்டுலயே நின்னுடும்.

இன்னொன்னு, இது ஹவாய் பலகாரம்னே நெறைய பேர் நெனச்சுக்கறாங்க. 1878ல பிரிசில்லாங்கற கப்பல்ல மதேய்ராவுலருந்து ஹவாய் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தாங்க பாருங்க, அவங்களும் அசோர்ஸ்காரங்களும் கொண்டு வந்ததுதான். கிறிஸ்தவங்க நோன்பு இருக்கற தவக்காலம் ஆரம்பிக்கறதுக்கு மொத நாள், அதாவது சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய், வீட்டுல இருக்கற கொழுப்பையும் சர்க்கரையையும் தீத்துடணும்னு சுடறது. ஹவாய்ல அந்த நாளுக்கு இன்னிக்கும் மலசாடா டேன்னுதான் பேரு. 1952ல ஹொனலூலுல ஆரம்பிச்ச லியோனார்ட்ஸ் பேக்கரிதான் வருஷம் பூரா கிடைக்கற கடைப் பலகாரமா இத பரப்புனது. தேங்காய்ப்பால்ல செய்யுற ஹௌபியா கிரீம உள்ள அடைக்கறதெல்லாம் ஹவாய்ல சேந்துக்கிட்டது.

லிஸ்பன்ல பீச்ல விக்கற கிரீம் வெச்ச டோனட்டான போலா டி பெர்லிம் வேற, அது ஜெர்மன் பக்கத்து சரக்கு.

அப்புறம் நாளைக்கு சாப்பிடலாம்னு டப்பாவுல மூடி வெக்காதீங்க, காலையில சர்க்கரை எல்லாம் கரைஞ்சு சொதசொதன்னு ஆயிருக்கும், சுட்ட சூட்டுக்கே காலி பண்ணிடுங்க.